தீவுக்குக் கட்டும் மூட்டை



தவக்காலம் அணுகியதும், கச்சத்தீவுப் புனித அந்தோணியார் திருவிழாவை எண்ணி நம்மில் பலர் பயண மூட்டை கட்டத் தொடங்குகின்றனர். உள்நாட்டுப் போரினால் நெடுங்காலம் தடைப்பட்டிருந்த இத்திருப்பயணம், 2009இல் போர் ஓய்ந்தபின் மீண்டும் உயிர்பெற்றது. இராமேசுவரத்துப் படகுகளும் யாழ்ப்பாணத்துப் படகுகளும் ஒரே கரையை அடைகின்றன. இரு நாட்டுத் தமிழ் மக்களும் ஒரே பலிபீடத்தின்முன் முழந்தாளிடுகின்றனர். இப்பேறு வேறெங்கே வாய்க்கும்?

ஆயினும், நாம் செல்லும் இடம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தோமா? கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். காவலுக்கு இலங்கைக் கடற்படையினர் உண்டேயன்றி, அங்கே குடும்பங்கள் எவையும் வாழவில்லை. குடிநீர் ஆதாரமும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஓரிரவு தங்கிச் சிலுவைப்பாதை செய்து, தேர்ப்பவனி கண்டு, மறுநாள் திருப்பலி முடிந்ததும் படகேறி விடுகின்றனர். நாம் விட்டு வருவதைப் பிறர் குனிந்து அள்ள வேண்டும். இல்லையேல் காற்று அதனைக் கடலில் தள்ளும்.

அக்கடலோ நம் மீனவர்க்குச் சோறிடும் கடல். பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளில் மேயும் கடற்பசுவைக் காக்கவே தமிழக அரசு 2022இல் அவ்விரிகுடாவின் வடபகுதியில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மிதக்கும் பாலிதீன் பையை இழுதுமீனென எண்ணி ஆமை விழுங்கிவிடும்; உணவுப்பாதை அடைபட்டு மடியும்.

ஆகவே, தீவின் தூய்மை நம் வீட்டு அடுக்களையிலேயே தொடங்குகிறது. திருவிழா வழக்கமாகத் தவக்காலத்து வெள்ளி, சனியில் வருவதால் புலால் உணவுக்கு இடமில்லை. புளிச்சோறும் ஊறுகாயும் போதும். பனையோலைப் பெட்டியிலோ எவர்சில்வர் தூக்கிலோ கொண்டு சென்றால், எறிவதற்கு எதுவும் மிஞ்சாது. தின்பண்டங்களின் பிளாஸ்டிக் உறைகளை வீட்டிலேயே களைந்து, டப்பாவில் நிரப்புக. ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டரேனும் குடிநீர் வேண்டும். அதனைத் திரும்பத் திரும்பப் பயன்படும் கலன்களில் எடுத்துச் செல்க. தட்டு, குவளை ஆளுக்கொன்று. உறங்கப் பாயும் போர்வையும் போதும். கூடாரத்திற்கென்று புதர்களை வெட்டலாகாது. கண்ட இடத்தில் அடுப்பு மூட்டவும் வேண்டாம். உலர்ந்த புதரில் ஒரு பொறி விழுந்தால் அணைக்க நீர் ஏது?

கழிப்பிடத்திற்கு ஏற்பாடு செய்யப்பட்ட இடத்தையே நாடுக. குழந்தைகளின் அணையாடைகளையும் பெண்களின் மாதாந்திரத் துணிகளையும் இறுக மூடும் டப்பாவில் இட்டு வீட்டிற்கே கொண்டு வருக. மெழுகுதிரியைக் குறித்த இடத்தில் மட்டும் ஏற்றுக. சங்கும் பவளக்கல்லும் பிள்ளைகளின் கண்ணைக் கவரும். பார்த்து மகிழட்டும், பையில் இட வேண்டாம். இவற்றோடு உறுதியான வெற்றுச் சாக்கு ஒன்றையும் மடித்து வையுங்கள். தீவில் சேரும் குப்பை அனைத்தும் அதில் ஏறி நம்மோடு கரை திரும்பட்டும். பிளாஸ்டிக்கை அங்கேயே எரிப்பது தீர்வன்று. நச்சுப்புகை நம் பிள்ளைகளின் நெஞ்சிலேயே தங்கும்.

பாலைநிலத்தில் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், அற்புதத்தோடு நின்றுவிடவில்லை. மிஞ்சிய துண்டுகளை ஒன்றுசேர்க்கச் சீடர்களைப் பணித்தார். கூட்டம் கலையுமுன் பன்னிரு கூடைகள் நிரம்பின. உண்டவர் தொகையை நினைவில் வைத்திருக்கும் நாம், அக்கூடைகளைச் சுமந்த கைகளை மறந்து விடுகிறோம்.

காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருமாறு கோடி அற்புதரிடம் மன்றாடுவது நம் வழக்கம். நாம் வேண்டுமென்றே எறிந்துவிட்டு வந்தவற்றைப் பொறுக்கும் வேலையையும் அவருக்கு வைக்கலாமா? இவ்வாண்டு மூட்டை கட்டும்போது, அந்த வெற்றுச் சாக்கை முதலில் எடுத்து வையுங்கள்.