பானை விரிசல் விட்டால் பழி யாருக்கு?

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, பினாங்கு துறைமுகத்தில் இறங்கி, மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் நடந்து பாருங்கள். கரும்பும் மஞ்சள் கொத்தும் சாய்த்து வைத்த கடைவாசல்களில் மண்பானைகள் அடுக்கியிருக்கும். அங்கே வரும் நம் தாய்மார்கள் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்வார்கள். பானையை ஒரு கையில் ஏந்தி, விரல் முட்டியால் ஒரு தட்டு! 'கணீர்' என்றால் பைக்குள் போகும். 'டொப்' என்றால் கடைக்காரரிடமே திரும்பிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில், பொங்கலன்று பானை விரிசல் விட்டுப் பால் அடுப்பில் கொட்டியது. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்தான் அடுப்பருகே நின்றாள். "வந்த ராசி சரியில்லை" என்று ஒரு வாய் சொல்ல, நாலு வாய் அதைச் சுமந்தது. அந்தப் பெண் அன்று முழுதும் சாப்பிடவில்லை. குற்றம் ராசியிலா, மண்ணிலா? வாருங்கள், பார்ப்போம்.

தாய்மார்கள் தட்டிப் பார்ப்பதைத்தான் ஆராய்ச்சிக்கூடத்திலும் செய்கிறார்கள். விறைப்பான பொருள் வேகமாக அதிர்ந்து உயர்ந்த ஓசை தரும். தளர்ந்த பொருள் மந்தமாக ஒலிக்கும். களிமண் கட்டையை உலைக்குள் வைத்து, சூடு ஏற ஏற அதை அதிரச் செய்து, அந்த அதிர்விலிருந்தே மண்ணின் விறைப்பைக் கணக்கிடுகிறார்கள்.

நெருப்பில் வைத்தால் மண் ஒரே சீராக இறுகிக்கொண்டே போகும் என்றுதானே நினைக்கிறோம்? அதுதான் இல்லை. முதலில் ஈரம் வெளியேறி, மண் துகள்கள் நெருங்கி, விறைப்பு கொஞ்சம் கூடும். ஈரம் மிச்சமிருந்து சூடும் விரைந்து ஏறினால், நீராவி பானையையே வெடிக்க வைக்கும். சுமார் 450 முதல் 600 டிகிரி செல்சியஸுக்குள், மண்ணின் அணுக்களோடு கட்டுண்டிருந்த நீரும் பிரிகிறது. அப்போது விறைப்பு சற்றுத் தளர்கிறது. ஆனால், அந்தக் கட்டத்தைத் தாண்டிய மண் மீண்டும் சேறாகாது. 'பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா?' என்று பெரியவர்கள் கேட்டது இதனால்தான். மேலும் சூடு ஏறி, துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும்போதுதான் விறைப்பு மளமளவென்று உயர்கிறது.

அத்தோடு ஆபத்து தீர்ந்ததா? இல்லை. ஆறும்போது, 573 டிகிரியில், மண்ணில் கலந்த வெண்மணல் திடீரென்று சுருங்குகிறது. மணலைச் சுற்றி நுண்ணிய கீறல்கள் விழுந்து, விறைப்பு மறுபடி இறங்கும். அதனால்தான் கைதேர்ந்த குயவர் சூளையை அவசரப்பட்டுப் பிரிப்பதில்லை.

அப்படியானால் மிகவும் விறைப்பான பாத்திரமே நல்லதா? 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட பீங்கான் கிண்ணம் நம் பானையைவிட எவ்வளவோ விறைப்பு. ஆனால், அதை அடுப்பில் ஏற்றினால் படாரென்று உடையலாம். ஒரு பக்கம் சூடாகி விரிய, மறுபக்கம் விரியாமல் நிற்க, விறைத்த பொருள் வளைந்து கொடுக்காமல் பிளக்கிறது. குறைந்த சூட்டில் சுட்ட நம் பானையிலோ நுண்துளைகள் நிறைய உண்டு. அவை விரிசல் நீண்டு ஓடாமல் தடுத்து நிறுத்துகின்றன. சரியாக வேகாத பானையும் உதவாது. கண்ணாடியாக இறுகியதும் அடுப்புக்கு ஆகாது. நடுப்பதமே நமக்கு வேண்டும்.

ஆகவே, தாய்மார்களே! பானையைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். புதுப்பானையை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கஞ்சித் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் காய்ச்சிப் பழக்குங்கள். பொங்கலன்று வெறும் பானையை அடுப்பில் காயவிடாதீர்கள். தீயை மெல்ல ஏற்றுங்கள். சூடேறிய பானையில் குளிர்ந்த பாலையோ தண்ணீரையோ ஊற்றாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் பானை விரிசல் விட்டால், சூளையிலேயே விழுந்த கீறல் அன்று கண்ணுக்குத் தெரிந்தது என்று எண்ணிக்கொண்டு, வேறு பானையை ஏற்றுங்கள். பொங்கல் பொங்கட்டும். வீட்டுக்கு வந்த பெண்ணின் மனத்தில் மட்டும் விரிசல் விழ விடாதீர்கள். அதை ஒட்டவைக்க எந்தக் குயவராலும் ஆகாது.