சம்பளம் குறைஞ்சா நிம்மதி வருமா?

எனக்குத் தெரிந்த ரெங்கம் பையன் ஒருவன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, உள்ளூரிலேயே லாரி ஓட்ட வந்துவிட்டான். மாதம் 2,000 வெள்ளி. முன்பு வாங்கியதில் பாதிகூட இல்லை. அவன் அம்மாவுக்குத் தாங்க முடியாத கோபம். "ஊரே வெள்ளி தேடி அங்க ஓடுது, இவன் மட்டும் திரும்பி வர்றான்!" என்றார். பையன் சொன்னது இவ்வளவுதான்: "விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து, பாலத்துல நின்னு நின்னு, வீட்டுக்கு வந்தா புள்ள தூங்கிடுதும்மா."

ரெண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேருமே கணக்குப் பார்க்கவில்லை.

வொர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் போகும் நம் ஆளுக்கு அங்கே சேமநிதி கிடையாது. கையில் வாங்குவதுதான் மொத்தமும். இங்கே 2,000 வெள்ளிக்கு இவன் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. மாதம் 480 வெள்ளி அவன் பேரில் சேருது. அதில் 260 முதலாளி போடுவது. சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகையை மட்டும் பார்க்கிற அம்மாவுக்கு அது தெரியாது. பெட்ரோல், வெளியில் பசியாறும் செலவு இதெல்லாம் வேறு. இழப்பு இருக்கு, இல்லேன்னு சொல்லல. அம்மா நினைக்கிற அளவு இல்லை.

தோட்டத்திலேயே இருப்பவர்கள் கதை வேறு. செம்பனைக் குலை அறுக்கிறவர் கழுத்தும் தோளும் என்ன பாடு படும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "முடியலண்ணே, உதிரிப் பழம் பொறுக்கவே போயிடுறேன், குறைச்சாலும் பரவாயில்லை" என்கிறார்கள். போங்க. ஆனா எவ்வளவு குறைக்கலாம்? 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. டன் கணக்கு, பீஸ் கணக்கு எதுவானாலும் முழுநேர ஆளுக்கு அதற்குக் கீழே போகக் கூடாது. நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. பாட்டன் காலத்தில் மழை பெய்தால் பேரும் இல்லை, காசும் இல்லை. 2013-இல் 900 வெள்ளி என்று இந்த வரம்பு வருவதற்கே எத்தனை வருஷம் ஆச்சு!

இன்னொன்று. களைப்புக்குக் காரணம் வேலையா, வேலை நேரமா? 2023 ஜனவரியிலிருந்து வாரம் 48 மணி நேரம் 45 ஆகிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஓவர்டைம் மாதம் 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் ஏற்கெனவே நம்முடையது. சம்பளத்தைக் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மண்டோரிடம் "கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க, லேசான வேலை போதும்" என்று கேட்குமுன், உங்க நேரம் சரியாக ஓடுதா என்று பாருங்க.

ஓவர்டைமை விட்டால் சேமநிதி குறையாது. ஓவர்டைம் காசுக்குச் சேமநிதி பிடிப்பதே இல்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால்தான் கிழவயதுக்கான பணம் தேயும். 2,500 வாங்குகிறவர் 1,700-க்கு இறங்கினால், இரு பங்கும் சேர்த்து சேமநிதியில் மாதம் 192 வெள்ளி குறையும். அதனால் எதையாவது விடத்தான் வேண்டும் என்றால் முதலில் ஓவர்டைமை விடுங்க.

நேரத்தையோ நாளையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேட்கவும் 2022 சட்டத் திருத்தம் வழி செய்திருக்கு. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரணும். மறுத்தால் காரணம் சொல்லணும். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனாலும் வாய்ப்பேச்சைவிட கடிதம் மேல். நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்க.

வீட்டுக்காரியிடம் பேசாமல் இந்த முடிவை எடுக்காதீங்க. மோட்டார் தவணையும் கூட்டுக்காசும் கட்ட அவர் இன்னொரு வீட்டில் பாத்திரம் கழுவப் போனால், அந்த நிம்மதி யாருக்கு?

அந்தப் பையனின் அம்மா நேற்று என்னிடம் கேட்டார்: "அந்த 480 வெள்ளி கணக்கை எங்கேப்பா பார்க்கிறது?" அடையாளக் கார்டோடு மகனையே சேமநிதி அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னேன். "சரி, இந்த ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுல இருப்பான்ல, சொல்றேன்" என்றார். அங்கே ஞாயித்துக்கிழமை திறக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை.