வெட்ட வேண்டிய செலவு அதுவல்ல

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு மலிவாகப் போய்வர நண்பர் மூன்று யோசனைகள் சொல்கிறார்: ஓய்வு நாட்களைக் குறை, காப்பீட்டை விடு, சுமைதூக்குபவரிடம் பேரம் பேசு. மூன்றும் ஆபத்தானவை.

நடை தொடங்கும் லுக்லாவின் உயரம் 2,860 மீட்டர். முகாம் 5,364 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டியபின், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதே மலை மருத்துவம் தரும் அறிவுரை. வழியிலுள்ள நாம்சே பஜாரில் கூடுதலாகத் தங்கும் இரவு ஆடம்பரமல்ல, உடல் பழகுவதற்கான அவகாசம்.

மீறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளலாம். முகாம்வரை மோட்டார் சாலை கிடையாது. ஹெலிகாப்டரை அழைத்தால் செலவு லட்சங்களில். பல சாதாரணப் பயணக் காப்பீடுகள் இந்த உயரத்தை ஏற்பதும் இல்லை. எத்தனை மீட்டர்வரை என்று படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

மேலே போகப்போகத் தேநீர் விலை ஏறுவதை நண்பர் 'கொள்ளை' என்கிறார். அரிசியும் எரிவாயுவும் மனித முதுகிலும் கோவேறு கழுதையிலும் யாக்கிலும் ஏறி வருகின்றன. அந்த முதுகுக்கான கூலியில் பேரம் பேசுவது சிக்கனமல்ல, சுரண்டல்.

லுக்லா விமானம் மேகத்தால் நின்றுபோவது வாடிக்கை. அதற்கும் சில நாட்களும் பணமும் ஒதுக்க வேண்டும். சிக்கனம் வேண்டுமா? காத்மாண்டு ஷாப்பிங்கைக் குறையுங்கள், ஜாக்கெட்டை வாடகைக்கு எடுங்கள். அப்படியும் பணம் போதாதென்றால் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.