தாளாளர் கையில் இருக்கும் திறவுகோல்

தமிழ்நாட்டில் தனியார் பள்ளி நடத்தும் தாளாளர் ஒருவரின் மேசையைக் கண்டோர், அதன்மேல் அடுக்கப்பட்டிருக்கும் கோப்புகளையும் கண்டிருப்பர். கட்டட உரிமம் ஒன்று. கட்டட உறுதிச் சான்று ஒன்று. தீயணைப்புத் துறையின் சான்று ஒன்று. நலவாழ்வுத் துறையின் தூய்மைச் சான்று ஒன்று. 2004-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள் குடந்தையில் 94 பிஞ்சுகள் பள்ளிக் கட்டடத்தினுள்ளேயே தீக்கிரையான பின்னர், இச் சான்றுகள் வெறுந் தாள்களாய் இருத்தல் கூடாது என்பதை நாடு கண்ணீரோடு கற்றுக்கொண்டது. 2009-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, உயர்முறைமன்றத்தின் ஓய்வுபெற்ற நடுவர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட குழு வரையறுத்த கட்டண ஆணை ஒரு கோப்பில் கிடக்கும். அதே ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி 25 விழுக்காட்டு இடங்களிற் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியல் மற்றொரு கோப்பில் கிடக்கும். 1973-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை அகற்றிவிட்டு 2023-இல் நடைமுறைக்கு வந்த தனியார் பள்ளிகள் சட்டமும் அதன் நெறிமுறைகளும் தனியே தைக்கப்பட்டிருக்கும்.

இத்துணைத் தாள்களுக்கும் இடையே ஒரு வினாவிற்கு மட்டும் விடைத்தாள் இல்லை. "இப் பள்ளியின் குழந்தைக்கு அதன் தாய்மொழியல்லாத மொழியில் ஏன் அறிவு ஊட்டப்படுகின்றது?" என்பதே அவ் வினா. அதனைக் கேட்பார் இல்லை. ஆகலின் விடை சொல்வாரும் இல்லை. கூரைக்குச் சான்று கேட்கும் நாடு, குழந்தையின் மூளைக்கு எம்மொழி உகந்தது என்பதற்குச் சான்று கேட்பதில்லை.

இந்நிலை இயல்பாக வந்ததன்று. மெட்ரிகுலேசன் பள்ளிகள் என்பன ஒரு காலத்திற் பல்கலைக்கழகங்களின் கீழ் இயங்கிய சிறு கூட்டமே. 1970-களின் இறுதியில் அவை பள்ளிக்கல்வித் துறையின் கைக்கு மாறின. மாறிய பின்னரே அவை மழைக்காளான்போற் பெருகின. 2001-இல் அவற்றிற்கெனத் தனி இயக்ககமே வேண்டியதாயிற்று. அடுத்த பத்தாண்டில் அவை ஆயிரக்கணக்கில் எண்ணப்படலாயின. நகரத்துச் செல்வரின் பிள்ளைகளுக்கென இருந்தது சிற்றூர்க் கூலியாளரின் கனவாக மாறிற்று. 'கான்வெண்டு' என்னும் சொல் கன்னித்துறவியரின் மடத்தைக் குறித்தது போய், ஊர்தி வைத்துப் பிள்ளை பிடிக்கும் எந்தப் பள்ளியையும் குறிக்கலாயிற்று.

தமிழுணர்வாளர்கள் இதனை வாளா பார்த்துக்கொண்டிருந்தாரல்லர். 1999-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களிற் சென்னையில் 102 தமிழறிஞர்கள் தமிழ்வழிக் கல்வி வேண்டி உண்ணாநோன்பு பூண்டனர். அதன் பயனாய், முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று அவ்வாண்டின் இறுதியில் அரசாணை பிறந்தது. பள்ளி நடத்துநர்கள் வழக்காடினர். 2000-ஆம் ஆண்டில் உயர்முறைமன்றத்தின் முழு ஆயம் அவ்வாணையைத் தள்ளிவிட்டது. பின்னர் 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. அது தமிழை ஒரு பாடமாக்கிற்று, பயிற்றுமொழியாக்கவில்லை. தமிழ் எழுத்தே அறியாமல், இந்தியையோ பிரெஞ்சையோ சமற்கிருதத்தையோ எடுத்துப் படித்துத் தமிழ்நாட்டிற் பள்ளிக் கல்வியை முடித்துவிடலாம் என்றிருந்த இழிநிலையை மாற்றிய அளவில் அச் சட்டம் போற்றத்தக்கது. 2014-ஆம் ஆண்டின் அரசாணை அதனை நடுவண் வாரியப் பள்ளிகளுக்கும் விரித்தது. 2015-16-இல் முதல் வகுப்பிற் றொடங்கிய அவ் ஏற்பாடு, 2024-25-இற் பத்தாம் வகுப்பை எட்டும் வகையில் வகுக்கப்பட்டது.

அதே 2014-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், கருநாடக அரசு தொடர்புடைய வழக்கில் இந்திய உச்ச முறைமன்றத்தின் ஐவர் ஆயம் ஒரு தீர்ப்பை வழங்கிற்று. தொடக்கக் கல்வியில் தாய்மொழியையே பயிற்றுமொழியாகக் கொள்ளுமாறு அரசு வற்புறுத்தல் இயலாது. பயிற்றுமொழியைத் தேரும் உரிமை பெற்றோர்க்கும் குழந்தைக்கும் உரியது. அரசுதவி பெறாத பள்ளிக்கும் அவ்வுரிமை உண்டு என்பது அதன் சாரம். தமிழ்வழிக் கல்விக்கு இனிச் சட்டத்தின் துணையில்லை என்று தமிழன்பர் பலர் அன்று சோர்ந்தனர். சோர்வு இயற்கையே. ஆயினும் அத் தீர்ப்பைத் திருப்பிப் படித்துப் பார்த்தார் சிலரே.

திருப்பிப் படித்தால் அது சொல்வது யாது? ஆங்கிலவழியிற் பயிற்றுக என்று அது எப் பள்ளியையும் ஏவவில்லை. தேர்வுரிமை பள்ளியினுடையது என்றே கூறிற்று. உரிமை எவர் கையிலோ பொறுப்பும் அவர் கையிலேயாம். "அரசு விடவில்லை", "வாரியம் விடவில்லை" என்று இனி எத் தாளாளரும் சொல்லித் தப்புதல் இயலாது. கதவைப் பூட்டிய திறவுகோல் அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கின்றது.

அத் திறவுகோலைத் திருப்புவதற்கு வேண்டிய கருவிகளும் இன்று ஆயத்தமாக உள்ளன. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29-ஆம் பிரிவே, இயன்றவரை குழந்தையின் தாய்மொழி பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கின்றது. 25 விழுக்காட்டு இடங்களுக்கு அரசிடம் தொகை கேட்குங்கால் அச் சட்டத்தை எடுத்துக்காட்டும் தாளாளர்கள், அதே சட்டத்தின் இவ் வரியை மட்டும் கடந்துபோவது முறையாகாது. 2011-இல் உச்ச முறைமன்றத் தீர்ப்பிற்குப் பின் ஒருங்கு பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தமையால், அரசுப் பள்ளிக்கும் மெட்ரிகுலேசன் பள்ளிக்கும் பாடம் ஒன்றே. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் அறிவியல் நூலும் கணக்கு நூலும் தமிழிலும் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்புவரை அவற்றை இணையத்தில் விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். பொதுத்தேர்வைத் தமிழில் எழுதலாம். கலைச்சொற்களுக்கு அரசின் அகரமுதலித் திட்ட இயக்ககம் நடத்தும் சொற்குவை உள்ளது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியமுங்கூட 2023-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தன் பள்ளிகள் இந்திய மொழிகளையும் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று சுற்றறிக்கை விடுத்தது. ஆங்கிலத்தின் கோட்டை என்று கருதப்பட்ட இடத்திலேயே கதவு திறந்திருக்குங்கால், தமிழ்நாட்டுத் தாளாளர் வாயிலில் நின்று தயங்குவதேன்?

பெற்றோர்க்குச் சொல்லவேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. தமிழ்வழியிற் பயின்றோர்க்குத் தமிழ்நாட்டரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. 2020-இல் அது திருத்தப்பட்டு இறுக்கப்பட்டது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியிற் பயின்றமைக்குச் சான்று கேட்கப்படுகின்றது. பட்டப்படிப்பை மட்டும் தமிழிற் படித்துவிட்டு அவ்விடத்தைப் பெறுதல் இனி இயலாது. ஆகவே, ஐந்தகவைக் குழந்தையை ஆங்கிலவழி வகுப்பில் அமர்த்தும் நாளிலேயே, இருபதாண்டு கழித்து அது பெறக்கூடிய ஓர் உரிமையின்மேற் கோடு கிழிக்கப்படுகின்றது. சேர்க்கைப் படிவத்தில் ஒப்பமிடும் எத்துணைப் பெற்றோர்க்கு இது தெரியும்? தெரிவித்த தாளாளர் எத்துணையர்?

இதற்கெல்லாம் தாளாளர் கூறும் மறுமொழி ஒன்றே: "தமிழ்வழி வகுப்பைத் திறந்தால் பிள்ளை சேர்க்க எவர் வருவர்?" இது முழுப் பொய்யன்று. அரசே 2012-13 முதல் தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்து, தமிழ்வழி தாழ்ந்தது என்னும் எண்ணத்திற்குத் தன் முத்திரையையும் இட்டுவிட்டது. அரசு செய்யாததைக் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பிய ஒருவர் செய்யவேண்டும் என்பது கடுமையான கேள்விதான்.

ஆயின், அம் மறுமொழியின் கூர்முனை தாளாளரைத் தாண்டி வேறோரிடத்திற் பாய்கின்றது. தனித்தமிழ் மாநாட்டிற் கைதட்டுவோர், பிள்ளைக்குத் தூய தமிழ்ப் பெயரிட்டு மகிழ்வோர், கடைப்பலகையில் ஒரு வடவெழுத்தைக் கண்டாற் கொதிப்போர் ஆகிய இவர்தம் மக்களும் பெயரர்களும் பயிலும் பள்ளிகள் எவை? எழிலன் என்றும் கயல்விழி என்றும் அழைக்கப்படும் குழந்தைகள், கூட்டலையும் கழித்தலையும் ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டிருத்தல் கண்கூடு. பெயரிற் றமிழ் இருந்து அறிவிற் றமிழ் இல்லையேல், அது வாயிலிற் கோலமிட்டு வீட்டினுள் விளக்கேற்றாமை போன்றதாம். தாளாளர் வணிகர் என்று பழிக்கப்படுகின்றார். வணிகர் கேட்ட பொருளையே விற்பர். கேட்டவர் யார் என்பதே வினா.

பொருளின்றியும் இதனைச் செய்து காட்டியோர் உளர். 1990-களில் அம்பத்தூர், திண்டிவனம் முதலிய இடங்களில் தாய்த்தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. அவற்றின் பின்னால் பெருஞ்செல்வர் எவரும் இலர். ஏழைப் பிள்ளைகளிடம் பெற்ற சிறு கட்டணமும் அன்பர்கள் அளித்த நன்கொடையும் ஆசிரியர்களின் ஈகையுமே அவற்றைத் தாங்கின. ஆயினும், அவற்றைப் பாராட்டி உரையாற்றியோர் பலர். தம் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று சேர்த்தோர் சிலர். பள்ளியைப் பாராட்டு வாழவைப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் ஏறும் பெயரே வாழவைக்கின்றது.

ஆகலின் செய்யத்தக்கது தெளிவு. ஓர் ஊரில் தமிழ்வழி வேண்டும் பெற்றோர் இருபதின்மரேனும் ஒன்றுகூடித் தம் பிள்ளைகளின் பெயர்களை எழுதி ஒப்பமிட்டு, சேர்க்கை தொடங்குமுன் உள்ளூர்த் தாளாளரிடம் சென்று கொடுத்தல் வேண்டும். வேண்டுகோளாக அன்று, முன்பதிவாகக் கொடுத்தல் வேண்டும். இருபது கட்டணம் உறுதியாயின் கணக்கறிந்த எத் தாளாளரும் அதனைத் தள்ளார். அவர் தம் பங்கிற்கு முதல் வகுப்பில் ஒரு தமிழ்வழிப் பிரிவைத் தொடங்கி, வேண்டுமிடத்து இயக்ககத்தின் இசைவையும் பெற்று, ஆண்டுக்கொரு வகுப்பாக ஐந்தாம் வகுப்புவரை வளர்க்கலாம்.

அப் பிரிவு குறைந்த கூலிக்கு வந்த ஆசிரியரையும் உடைந்த பலகையையும் கொண்டு நடத்தப்படுமாயின், நடத்தாமையே நன்று. பள்ளியின் தலைசிறந்த ஆசிரியர் அங்கே நிற்றல் வேண்டும். ஆங்கிலமும் ஒரு மொழிப்பாடமாக அங்கே செவ்வையாகக் கற்பிக்கப்படல் வேண்டும். மேற்படிப்பு ஆங்கிலத்தில் இருக்கையில் தமிழ்வழிப் பிள்ளை இடர்ப்படும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. அதற்கு மருந்து, ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வோர் அறிவியற் சொல்லையும் தமிழோடு ஆங்கிலத்திலும் அறிமுகப்படுத்துவதேயன்றி, முதல் வகுப்பிலேயே குழந்தையின் வாயை அடைப்பதன்று. நிழல் ஏன் மாலையில் நீள்கின்றது என்று தன் மொழியிற் கேட்கத் தெரிந்த குழந்தையே பின்னர் அவ் வினாவை எம் மொழியிலும் கேட்கும். கேட்கவே அஞ்சிய குழந்தை ஒப்பிக்க மட்டுமே கற்கும்.

தமிழ்வழிப் பிரிவு திறக்க இயலாத தாளாளரும் செய்யக்கூடியன உண்டு. தமிழ் பேசிய பிள்ளைக்குத் தண்டத்தொகை விதிக்கும் கொடுமையை இன்றே நிறுத்தலாம். தமிழாசிரியர்க்குக் கணக்காசிரியரோடு ஒத்த சம்பளம் வழங்கலாம். தேர்வுக் காலத்திற் றமிழ்ப் பாடவேளையைப் பிற பாடத்திற்குப் பிடுங்கிக் கொடுக்காதிருக்கலாம். பெற்றோர்க்கு விடுக்கும் மடல்களைத் தமிழில் எழுதலாம். இவற்றுள் எதற்கும் அரசின் இசைவு வேண்டா, பெருஞ்செலவும் இல்லை.

கட்டட உறுதிச் சான்றுக்குக் காலவரையறை உண்டு. அது கழிந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். குழந்தையின் முதல் ஐந்தாண்டுப் பள்ளிப் பருவத்திற்குப் புதுப்பிப்பு இல்லை. வரும் சூன் திங்களிற் பள்ளிக் கதவு திறக்கும்போது, எந்த வகுப்பறையினுள் எம் மொழி நுழையும் என்பதைத் தில்லியோ முறைமன்றமோ முடிவு செய்யப்போவதில்லை. அதனை முடிவு செய்வோர் தாளாளர் ஒருவரும், அவர் முன் அமர்ந்து சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் தமிழர் ஒருவருமே.