உப்பைக் காட்டித் தடை கேட்பது சரியா?

நகரக் கழிவுநீரை எவ்வளவு சுத்திகரித்தாலும் அதில் கரைந்துள்ள உப்பு நீங்காது, ஆகவே வறண்ட நிலத்துத் திராட்சைக்கு அதைப் பாய்ச்சினால் மண் கெடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். வழக்கமான சுத்திகரிப்பைப் பொறுத்தவரை முற்பகுதி உண்மை; அது கிருமிகளையும் கரிமக் கழிவையும் குறைக்குமேயன்றி உப்பை அகற்றாது. முடிவுதான் பிழை.

முதலாவதாக, ஒப்பீடே தவறு. வறண்ட பகுதியில் உழவருக்குள்ள மாற்று மழைநீரா? பெரும்பாலும் வற்றிவரும் நிலத்தடி நீரே. அதிலும் உப்பு உண்டு. பாய்ச்சாத கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் ஒப்பிடவேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் மெக்லாரன் வேல் திராட்சைத் தோட்டங்களுக்கு கிறிஸ்டீஸ் பீச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் 1999 முதல் குழாய்வழி வருகிறது. இல்லையேல் அது செயின்ட் வின்சென்ட் வளைகுடாவில் கலந்து, தன்னிடமுள்ள நைட்ரஜனால் கடற்புல் படுகைகளுக்குக் கேடு செய்யும். அந்த இழப்பை யார் கணக்கில் சேர்ப்பது?

இரண்டாவதாக, உப்பு தேங்குவது தவிர்க்க முடியாததன்று. வேர்மண்டல மண்சாற்றின் மின்கடத்துதிறன், அதாவது கரைந்த உப்பின் அளவைக் காட்டும் குறியீடு, மீட்டருக்கு சுமார் 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டும்போதுதான் திராட்சை விளைச்சல் குறையத் தொடங்குகிறது. சொட்டுநீர்ப் பாசனத்தில் உப்பு ஈரவட்டத்தின் விளிம்புக்கு ஒதுங்கி வெண்படலமாகப் படிகிறது; குளிர்கால மழை அதை வேருக்குக் கீழே கழுவிச் செல்கிறது; மழை பொய்த்தால் கூடுதல் நீர்விட்டுக் கழுவவேண்டும். ராம்சே போன்ற வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டிய கொடியில் குளோரைடு இலைக்கு ஏறுவது பெருமளவு குறைகிறது.

வடிகாலற்ற களிமண்ணில் சோடியம் மண்கட்டிகளைச் சிதைத்து நீர் இறங்காமல் அடைக்கும்; அங்கே எதிர்ப்பு பொருந்தும். அந்த நிலத்தைச் சான்றாக வைத்து எல்லா நிலத்துக்கும் தடை கேட்பது எந்த வகை ஆய்வு?