அய்யலூர் சந்தைக்குப் போகும் முன்



வியாழக்கிழமை விடியலில் அய்யலூர் ஆட்டுச்சந்தைக்குள் நுழைந்தால் கால் வைக்க இடமிருக்காது. வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் கிடாய்களும் வெளிமாவட்டத்து ஆடுகளும் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். தீபாவளி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். நம் கால்நடை மருத்துவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் நாள் அது. காரணம் ஆட்டுக்கொல்லி நோய்; அது மூச்சிலும் சளியிலும் பரவுவது. தொற்றிய ஆடு நாலைந்து நாள் நன்றாகவே தெரியும். அதற்குள் அது யார் வீட்டுப் பட்டியிலோ சேர்ந்திருக்கும்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1987ல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். அந்தக் கிருமியைக் கொண்டே பிறகு நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. இதே கிருமிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய். நாட்டில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995ல், வட ஆற்காட்டில். 2011ல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான்.

ஊர் ஊராகப் போய் மாடு மாடாக ஊசி போட்டு அதைச் சாதித்தவர்களில் நம் அரசு கால்நடை மருத்துவர்களும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த நோயைக் கண்ணால் கண்ட தலைமுறை இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. கன்று மாட்டிக்கொண்ட பிரசவத்தில் பசுவைப் பிழைக்க வைத்த டாக்டரை ஊர் மறக்காது. நோயே வராமல் காத்தவரை யாரும் நினைப்பதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை.

இன்றும் கோமாரித் தடுப்பூசி முகாம் என்றால், மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்கும் முன்பே ஐஸ் பெட்டியோடு டாக்டர் வந்து நிற்கிறார். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், சூடேறினாலும் கெடும். அந்த நேரத்தில், “ஊசி போட்டா பால் குறைஞ்சிரும் சார், அடுத்த தடவை பாப்போம்” என்று தொழுவத்தை அடைத்தால் அவர் என்ன செய்வார்? பால் ஓரிரு நாள் குறையலாம், திரும்பிவிடும். கோமாரி வந்த மாட்டின் பாலோ பல நேரம் பழைய அளவுக்குத் திரும்புவதே இல்லை.

ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிக்க உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. ஊசி ஒன்று போட்டால் மூன்று ஆண்டு தாங்கும். குட்டி நான்கு மாதம் கடந்ததும் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சந்தையில் வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். மூக்கில் சளி, வாயில் புண், கழிச்சல் என்று கண்டால் கறிக்குத் தள்ளிவிடாமல் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்