ஆயக்கட்டில் மனைக்கல் வேண்டாம்: ஊராருக்கு ஒரு திறந்த மடல்

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிக்கரை ஊர் ஒன்றில் பிறந்து, பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போன உங்கள் பிள்ளைகளில் ஒருவன் எழுதும் மடல் இது.

ஏரிக்குக் கீழே, ஊர் எல்லையிலுள்ள ஆயக்கட்டு நன்செய் முழுவதையும் வளைத்துப் பெரிய குடியிருப்பு நகரம் வரப்போகிறது என்றும், பல குடும்பங்களுக்கு முன்பணம் கைமாறிவிட்டது என்றும் ஊரில் பேச்சு. அந்த மனைகளின் விளம்பரம் சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பத்திரப்பதிவு இலவசம், தங்க நாணயம் உண்டு, பரந்தூர் விமான நிலையம் வந்தால் விலை இரட்டிப்பு என்ற வழக்கமான வாக்குறுதிகள். வேலி போடும் முன்பே இந்த விளம்பரம் ஏன் கடல் கடந்து வருகிறது என்பதை ஊர் யோசிக்க வேண்டும்.

அயல்நாட்டில் வாழும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம். விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. அப்பன் பாட்டன் சொத்தாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆக, ஆயக்கட்டு நெல் வயலாக இருக்கும்வரை வெளிநாட்டுப் பணம் அதைத் தொட முடியாது. வயலை மனையாக மாற்றி அனுமதி வாங்கிவிட்டால் தடை நீங்கிவிடும். இந்த நகரத்துக்குப் போடும் கணக்கில், ஊரைவிட்டுப் போனவர்களின் சேமிப்பும் ஒரு முதல். உள்ளூரில் வீடில்லாமல் தவிப்பவர்களுக்காகப் போடப்பட்ட திட்டமல்ல இது.

வாங்குகிறவர்களிலும் பலர் வீடு கட்டப்போவதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பேருந்தில் போகிற எவரும் பார்த்திருப்பார்கள்: வளைவு கட்டி, கல் நட்டு, பெயர்ப்பலகை வெளுத்து, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் மனைப்பிரிவுகள். அங்கே நெல்லும் இல்லை, குடியும் இல்லை.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டார ஏரிகளில் பெரும்பாலானவை தனி ஏரிகள் அல்ல. ஓர் ஊர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழிந்து, போக்குக்கால் வழியாக அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகிறது. அந்தத் தண்ணீர் போகும் வழியில், ஏரிக்குக் கீழே பள்ளமாகக் கிடப்பதுதான் ஆயக்கட்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள்கணக்காக நீர் நின்றாலும் வயல் அதைத் தாங்கிக்கொள்ளும். அதே இடத்தில் கிராவல் கொட்டி நான்கைந்து அடி உயர்த்தினால், தண்ணீர் உயரம் குறைந்த பக்கம் தேடிப் பழைய ஊருக்குள் புகும். மேட்டில் கட்டிய புது வீடு தப்பிக்கலாம்; தலைமுறைகளாகக் குடியிருக்கும் தெருவும் காலனியும்தான் முதலில் முழுகும்.

அதற்குப் பிறகு நடப்பது ஏரிக்கே கேடு. பாசனம் பெற வயல் இல்லாத ஏரிக்கு மதகைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது, வரத்துக்காலைத் தூர்வாரக் கேட்பார் இருக்க மாட்டார்கள். வீடு முழுகுகிறவர்கள் ஏரி நிரம்பக் கூடாது என்பார்கள். சில காலத்தில் ஏரியே காலி இடமாகத் தெரியத் தொடங்கும். சென்னை அப்படித்தான் வளர்ந்தது. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்கு இன்றும் ஏரித் திட்டம் என்றே பெயர். வேளச்சேரி ஏரியில் மிஞ்சியது எவ்வளவு என்பதை அங்கே ஒவ்வொரு மழைக்கும் வண்டியை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் சொல்வார்கள்.

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூரும் வரதராஜபுரமும் இன்னும் நெருக்கமான பாடம். அடையாற்றின் கரையோரம் மனை போட்டு விற்றார்கள்; ஓய்வூதியப் பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டு நடுத்தரக் குடும்பங்கள் வாங்கின. 2015 டிசம்பரில் அங்கே தரைத்தளங்கள் முழுகி, மக்கள் படகில் வெளியேறினார்கள். அந்தப் பெருவெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே காரணம் என்று பலரும் பேசினார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் கலக்கும் இடத்துக்கும் மேலே இருக்கின்றன இந்த இரண்டு ஊர்களும். அவற்றை மூழ்கடித்தது மேலேயிருந்த ஏரிகள் வழிந்து வந்த தண்ணீர். அதன் பிறகு அரசு ஆற்றை அகலப்படுத்தியது, மூடு கால்வாய்கள் வெட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பகுதி மறுபடியும் தண்ணீரில் நின்றது. மனை விற்றவர்கள் எவரும் அந்தத் தெருக்களில் படகு தள்ள வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 2017இல் பழைய மனைகளை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. திட்டப்பகுதிக்கு வெளியே உள்ள ஊர்களில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். எனவே அனுமதி இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே பேசுவதுதான் பலன் தரும். பெரிய கட்டுமானங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றாலும், அதற்கான 2006 அறிவிக்கை வீட்டுத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. யாராவது வந்து கருத்துக் கேட்பார்கள் என்று ஊர் காத்திருந்தால், வருவது பொக்லைனாகத்தான் இருக்கும்.

ஊருக்கு இருக்கும் இடம் கிராம சபை. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டும் அரசு நிலமெடுப்பை நிறுத்தவில்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது அரசே கொண்டுவந்த திட்டம். இங்கே தனியார் ஒருவர் ஆட்சியரிடமும் ஊராட்சியிடமும் விண்ணப்பித்து நிற்கப் போகிறார்; அந்தக் கோப்பில் ஊரின் மறுப்பு முன்கூட்டியே ஏறியிருந்தால் கையெழுத்துப் போடுகிறவர் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நாளை நீதிமன்றத்திலோ பசுமைத் தீர்ப்பாயத்திலோ காட்டுவதற்கும் அதுவே முதல் சான்று.

ஊர் திரண்டு நின்று வென்ற கதையும் உண்டு. கோவாவில் 2006இல் அறிவிக்கப்பட்ட மண்டலத் திட்டம், வயலையும் குன்றையும் குடியிருப்புகளுக்குத் திறந்துவிட்டது. கோவா பச்சாவ் அபியான் என்ற பெயரில் மக்கள் எழுந்தார்கள். 2007 ஜனவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. கேரளம் 2008இல் நெல்வயலைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றி, ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், விவசாயப் பிரதிநிதிகள் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் கண்காணிப்பை ஒப்படைத்தது. பின்வந்த திருத்தங்கள் அதைத் தளர்த்தினாலும், வயல் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு ஊரின் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2020இல் வந்த காவிரி டெல்டா வேளாண் மண்டலச் சட்டம் உத்திரமேரூரை எட்டவில்லை. அது தடுப்பதும் எண்ணெய், எரிவாயு, உருக்காலை போன்றவற்றைத்தான். வீட்டு மனைகளை அல்ல.

நிலம் விற்கிறவர்களைக் குறை சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் நனைகிறது. பெண்ணின் கல்யாணமும் பையனின் கல்லூரிக் கட்டணமும் ஒரே ஆண்டில் வந்து நிற்கின்றன. உண்மையில் ஊரிலிருந்து பிழைக்கப் போனவர்களின் பயணச் செலவுக்கே எத்தனையோ காணிகள் அடமானம் போயின. நிலத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று தூர தேசத்திலிருந்து சொல்கிறவன், அதற்கான செலவில் பங்கெடுக்கவும் கடமைப்பட்டவன். மனைக்குக் கட்டப்போகும் முன்பணத்தை, விற்கும் நிலையில் இருக்கும் பங்காளியின் கடனுக்குக் கொடுத்து மீட்கலாம். குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கும் இளைஞனுக்கு நடவுச் செலவு தரலாம். வீடில்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடு வேண்டும். அதற்கு ஊரை ஒட்டிய மேட்டுப் புன்செய் இருக்கிறது.

1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபை குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கென்றே 6 பேரைத் தேர்ந்தெடுத்தது. கல்வெட்டு இன்னும் கோயில் சுவரில் இருக்கிறது. அந்த வட்டாரத்து ஊர்க்காரர்கள் ஏரிக்காகக் கூடுவதற்கு எவரிடமும் முன்மாதிரி தேட வேண்டியதில்லை.

அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும். அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். கலங்கல், போக்குக்கால், வண்டிப்பாதை, மேய்க்கால் ஒவ்வொன்றின் புல எண்ணையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் கலையாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகளே, அந்த மனைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டவர்கள் திருப்பிக் கேளுங்கள்.